தெருப் பெயர் மாறும் இடம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் இருக்கிற அட்லாண்டாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அமெரிக்காவின் தெற்கே உள்ள ஊர். அங்கே யாரும் முகத்துக்கு நேரே நிறத்தைப் பேச மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கூட லிஃப்டில் நலம் விசாரிப்பார்.

ஆனால் தெருக்கள் பேசும். பான்ஸ் டி லியோன் சாலைக்கு வடக்கே மன்றோ டிரைவ். தாண்டினால் அதே தெருவுக்குப் பெயர் புலவார்ட். பிரையர்கிளிஃப் சாலை, தெற்கே மோர்லேண்ட் ஆகிவிடும். கறுப்பர்கள் வாழும் பகுதியோடு ஒரே முகவரி வேண்டாம் என்று வெள்ளையர் அன்று செய்த ஏற்பாடு. 1962-இல் கறுப்பர்கள் வீடு வாங்கி வராதபடி, பெய்ட்டன் சாலையில் மாநகராட்சியே தடுப்பு வைத்தது. 1963-இல் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. தடுப்பு போயிற்று; தெருப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

நம்மவர்கள் போய் இறங்கின வாரமே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்கிறார்கள்: "நல்ல ஏரியா." வீடு தேடும்போது "அது நல்ல ஏரியா இல்லைப்பா" என்றால் போதும், எல்லாம் புரிந்துவிடும். ஊர், சேரி என்று பிரித்துப் பழகின நமக்கு இந்தப் பாஷை புதுசா என்ன?

ஒன்றை மறக்கக் கூடாது. கறுப்பர்கள் போராடிப் பெற்றது 1964 சிவில் உரிமைச் சட்டம். அந்தப் போராட்டம் மாற்றிய சூழலில்தான், மறு ஆண்டே, நமக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் வந்தது. போராட்டத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது இதே அட்லாண்டாவில்.

நாளை அங்கே படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, யாராவது "நல்ல ஏரியா" என்றால், "எதை வெச்சுச் சொல்றீங்கண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.