லேப்டாப் திரையில் படியும் சாம்பல்

துறைமுக நிலக்கரித் தூசியால், சென்னை ராயபுரத்தில் காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரல் கறுத்துப்போன காலம் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்த வேலை எண்ணூருக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் வேறு.

அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். லேப்டாப் திரையில் படிந்ததைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். பல லேப்டாப்களில் திரையின் மேல்பரப்பு கண்ணாடியே அல்ல, மெல்லிய பிளாஸ்டிக் படலம். விழுந்த கீறல் போகாது.

முதலில் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் அழுத்தாமல் தூசியைத் தள்ளுங்கள். பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி. போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் திட்டு விழும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத் துணியில் மட்டும் லேசாகத் தெளியுங்கள். திரையில் நேராக அடித்தால் நீர் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, திரையையே கெடுத்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அது திரையின் பூச்சை அரித்துவிடும்.

வீட்டில் பிள்ளைகளிடம் லேப்டாப் இருந்தால், இன்றைக்கே ஒரு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள்.