துளை போடுவதற்கு முன்



புதிதாக வாங்கும் போலிங் பந்தில் துளை இருக்காது. கூடத்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வாடகைப் பந்துகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சொந்தப் பந்தின் பெட்டியைத் திறந்தால் உள்ளே வழவழவென்று ஒரு முழு உருண்டைதான். அதை எடுத்துக்கொண்டு துளை போடுகிறவரிடம் போக வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன லேஅவுட் போடட்டும்?" பந்தின் எந்த இடத்தில் விரல்துளைகள் வரவேண்டும் என்று கேட்கிறார்.

கெடாவில் பெண்டாங் பக்கம் நெல் வயலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவே வளர்ந்த நம் பிள்ளைகள், வார இறுதியில் நான்கு பேர் ஒரே காடியில் ஏறி அலோர் ஸ்டாருக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ, சில நாள் பினாங்கு வரைக்குமோ போய் போலிங் ஆடிவிட்டு வருகிறார்கள். ஆசை முற்றினால் பல நூறு வெள்ளி சேர்த்து வைத்துச் சொந்தப் பந்து வாங்குகிறார்கள். லேஅவுட் என்று கேட்டதும் கைப்பேசியை எடுத்து ஒரு சாம்பியனின் பந்துப் படத்தைக் காட்டி, "இதே மாதிரி போடுங்கண்ணே" என்கிறார்கள். காசு வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஏன் என்று சொல்லும் முன் ஒன்று: போலிங் பந்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. முதலில் பந்தை லிக்னம் வைட்டே என்ற இரும்பு போன்ற மரத்தில் கடைந்தார்கள். 1905-இல் அமெரிக்காவில் ரப்பர் பந்து வந்தது. 1914-இல் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் என்ற பெயரில் ரப்பர் பந்து விற்க ஆரம்பித்தது. கந்தகம் நிறையக் கலந்து, கல் மாதிரி இறுகும்வரை சூடாக்கிய ரப்பர் அது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகம் உருட்டியது பெரும்பாலும் அந்த வகைப் பந்தைத்தான். உலகத்துக்கு ரப்பர் அனுப்பியதில் அப்போது மலாயாவுக்கு முன்வரிசை. கெடா தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிகளுக்கு, கோப்பையில் வடிந்த பால் டயராகிறது என்பது தெரியும். விளையாட்டுப் பந்தாகவும் ஆகலாம் என்று அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

ரப்பர் பந்துக் காலத்தில் லேஅவுட் பெரிய விவகாரமாக இருந்ததில்லை. துளை போட்டால் குறைகிற எடையை ஈடுகட்ட, உள்ளே ஒரு சிறிய எடைக்கட்டி இருக்கும், அவ்வளவுதான். பிறகு பாலியெஸ்டர் வந்தது, 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். பந்துக்குள் இருக்கும் கட்டிக்கும் விதவிதமான வடிவம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை கோர் என்பார்கள். அந்தக் கோர் எந்தப் பக்கம் சாய்ந்து சுழலவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் லேஅவுட். பம்பரத்தை நேராக விட்டால் அசையாமல் நின்று சுற்றும், சாய்த்து விட்டால் தலையாட்டிக்கொண்டே சுற்றும் அல்லவா? பந்துக்குள் கோர் செய்வதும் அதுதான்.

பந்தின் மேல் ஒரு சிறு வண்ணப் புள்ளி இருக்கும். கோரின் தலை எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. ஆட்டக்காரர்கள் அதையும் பின் என்றுதான் சொல்வார்கள். தடத்தின் கோடியில் நிற்கும் பத்துப் பின்களோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நாம் அதைப் புள்ளி என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது உங்கள் கை. பந்தை விடும்போது அது ஏதோ ஓர் அச்சைச் சுற்றித்தான் சுழல்கிறது. அந்த அச்சு பந்தின் மேற்பரப்பைத் தொடும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். வலக்கை ஆட்டக்காரர் பலருக்கு அது பிடியின் நடுவிலிருந்து சுமார் 5 அங்குலம் வலப்புறம் இருக்கும். சிலருக்கு 4, சிலருக்கு 6-ஐ ஒட்டி. கண்டுபிடிப்பது கடினமில்லை. பழைய பந்தை நாலைந்து முறை உருட்டினால் தடத்து எண்ணெய் அதில் வளையம் வளையமாகப் படியும். முதல் வளையத்தை வைத்துக் கணக்கிட்டு, அச்சு வரும் இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுவார்கள். மறுபடி உருட்டும்போது, கையை விட்டதும் அந்த டேப் ஆடாமல் நின்றால் கணக்கு சரி.

இப்போது மூன்றே எண்கள். பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். அதில் கால்வாசி 6¾. அதிலும் பாதி 3⅜. புள்ளி உங்கள் அச்சின் மேலேயே இருந்தாலும், அச்சிலிருந்து 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலும் கோர் நிதானமாகச் சுற்றும்; எண்ணெய் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகவே விழும். 3⅜-இல் வைத்தால் கோர் அதிகமாகத் தலையாட்டும். வளையங்கள் விரிந்து விழும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு தடத்தைத் தொடும், பந்து இறுக்கமாகப் பிடிக்கும். மற்றபடி புள்ளி விரல்துளைகளுக்கு மேலே இருந்தால் பந்து கொஞ்சம் தாமதித்து வெடுக்கென்று திரும்பும். கீழே இருந்தால் முன்னதாகவே, மெதுவாக வளையும். மோ பினெல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதோடு இரண்டு கோணங்களையும் சேர்த்து ஒரு முறையே வகுத்தார். 2021-இல் இறந்துவிட்டார். இன்றும் துளை போடுகிறவர்கள் பலர் அவர் கணக்கை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோணங்களை வானொலியில் விளக்கினால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள்.

இனி தடத்துக்கு வருவோம். ஆட்டக்காரர் தாண்டக்கூடாத தவறுக் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. சாதாரணக் கூடத்தில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய் இருக்கும். பந்து அதில் சறுக்கி, பிறகு வளைந்து, கடைசியில் உருண்டு, சுமார் 6 பாகைக் கோணத்தில் பின்களுக்குள் நுழைந்தால் பத்தும் விழ வாய்ப்பு அதிகம். வேகமாக வீசி, சுழற்சி குறைவாகக் கொடுக்கிறவருக்குப் புள்ளி 3⅜ அல்லது 4 பக்கம் இருப்பது உதவும். மெதுவாக வீசி நிறையச் சுழற்றுகிறவருக்கு அதே லேஅவுட் போட்டால் பந்து பாதி வழியிலேயே சக்தியைக் கொட்டிவிட்டு, பின்களைத் தொடும்போது சோர்ந்துபோயிருக்கும். ஷாலின் சுல்கிஃப்லி, எஸ்தர் சியா, 2018-இல் ஹாங்காங்கில் உலக மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற ரஃபிக் இஸ்மாயில் என்று நம் நாட்டின் பெரிய பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூவரின் கைகளும் வேறு வேறு. ஒருவருடைய பந்துப் படத்தைப் பார்த்து இன்னொருவருக்குத் துளை போட முடியாது. அதிலும் அவர்களைப் போன்றவர்கள் போட்டிக்கு ஒரு பந்தோடு போவதில்லை. தடத்துக்கு ஒன்று என்று பல பந்துகள் கொண்டுபோவார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது அதில் எதுவென்று யாருக்குத் தெரியும்?

முதல் பந்துக்கு நான் சொல்வது இதுதான். அச்சிலிருந்து 4½ முதல் 5 அங்குலத்தில் புள்ளி, விரல்துளைகளுக்குச் சற்று மேலே. எந்தக் கூடத்திலும் ஒப்பேற்றும். லேஅவுட்டைவிடப் பந்தின் மேல்தோல்தான் அதிகம் வேலை செய்கிறது என்று பழகியவர்கள் அடித்துச் சொல்வார்கள். அது உண்மை. உப்புத்தாள் போன்ற அட்டையால் மேல்தோலைச் சொரசொரப்பாக்கினால் பந்து முன்னதாகப் பிடிக்கும், பளபளப்பாக்கினால் நீளச் சறுக்கும். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். துளை அப்படியில்லை. அடைத்து மறுபடி போட வேண்டும், அதற்குத் தனியாகக் காசு.

முன்பு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. பந்து சொன்னபடி கேட்கவில்லையென்றால், விரல் நுழையாத இன்னொரு துளையை ஓரத்தில் போட்டுச் சுழற்சியைச் சரிசெய்வார்கள். அமெரிக்க போலிங் சங்கம் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதற்குத் தடை போட்டுவிட்டது. பந்தில் இருக்கும் ஒவ்வொரு துளையிலும், ஒவ்வொரு வீச்சிலும் விரல் இருக்க வேண்டும். ஆகவே ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே போல இரண்டு கையால், கட்டைவிரல் வைக்காமல் வீசுகிற தம்பிமார்கள் கட்டைவிரல் துளை போடவே கூடாது. போட்டால் அந்தப் பந்தை அந்த விதிப்படி ஆட முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தைவானிலிருந்து பரவிய ஹெலிகாப்டர் பாணி, எடை குறைந்த பந்தை மேலிருந்து திருகி விடுவது. அவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். சாதாரணப் பிளாஸ்டிக் பந்து போதும். செலவு மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலே விரல் பொருத்தம். துளை பெரிதாக இருந்தால் பந்தை இறுக்கிப் பிடிப்பீர்கள், மணிக்கட்டு வலிக்கும், எந்த லேஅவுட்டும் காப்பாற்றாது. அளவு எடுக்கப் போகிற அன்று முதலில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள். ஆடினால் கட்டைவிரல் சூடேறிக் கொஞ்சம் பருக்கும், அந்த அளவுக்குத்தான் துளை வேண்டும். குளிர்சாதனக் கூடத்தில் விரல் சிறுத்தால் துளையின் உட்புறம் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம், பருத்தால் உரித்துவிடலாம். கெடா வெயிலில் காடியின் பின்பக்கத்தில் மட்டும் பந்தை விட்டுவிடாதீர்கள், ரெசின் வெடிக்கும். வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். பையில் அந்த டேப் சுருளும் இருக்கட்டும்.