வையைக்கு இரண்டு நாள்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஆற்றங்கரை நகரம் ஒன்றுக்குச் சனி ஞாயிறு என்ற இரண்டே நாளில் போய் வருவது எப்படி என்று இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன். நகரம் மதுரை. ஆறு, ஏடுகளில் வையை, இன்றைய வழக்கில் வைகை. இலக்கிய நிகழ்ச்சியில் பிரயாண முகவரின் வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். போக வேண்டும் என்று முடிவெடுத்து, கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்த பிறகுதான் சிலப்பதிகாரத்திலும் பரிபாடலிலும் சில இடங்களை மறுபடி புரட்ட வேண்டி வந்தது. வகுப்பில் முப்பது வருடம் படிப்பித்த பகுதிகள்தாம். ஆனால் அறை எங்கே எடுப்பது, எந்த மாதம் போவது என்ற கேள்விகளோடு அவற்றை நான் படித்ததில்லை.

கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்கு நேரே விமானம் உண்டு. ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பறப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்து சேர்வதுதான் நீண்ட பிரயாணம். நம்மில் ஒருவர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே போய்விட்டார் என்று நாம் பெருமையோடு சொல்லிக் கொள்வோம். சங்கத் தொகைகளில் ஏழு பாட்டுகளுக்கு உரியவரான ஈழத்துப் பூதன்தேவனாரைத்தான் சொல்கிறேன். அவருடைய பெயர் 'மதுரை ஈழத்துப் பூதன்தேவனார்' என்றும் வழங்குகிறது. ஒரே பெயரில் இரண்டு ஊரையும் வைத்துக்கொண்டவர். அவருக்கு வீசா வேண்டியிருக்கவில்லை.

மதுரையின் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து வைத்தபோது எனக்கு ஒரு விஷயம் பட்டது. விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருக்கிறது. புகையிரத நிலையம், மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் ஆற்றின் தென்கரையிலே இருக்கின்றன. ஆகவே விமானத்தில் இறங்கி, புகையிரத நிலையத்தடியில் அறை எடுத்து, கோயிலும் மகாலும் பார்த்துத் திரும்பும் ஒருவர் வையையைக் கண்ணாலும் காணாமல் ஊர் திரும்பலாம். என்னிடம் இருந்த பிரயாண நிகழ்ச்சி நிரல்கள் இரண்டிலும் ஆற்றின் பெயரே இல்லை. வையை இல்லாத மதுரை என்பது, எங்களைப் போல் புத்தகத்தால் அந்த ஊரை அறிந்தவர்களுக்கு, நடுப்பக்கங்கள் கிழிந்த ஏடு.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஆற்றைக் கடக்காமல் மதுரைக்குள் போக வழியில்லை. குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் வைத்த ஓடங்கள் ஓடுகின்ற பெருந்துறை அங்கே இருந்தது என்கிறார் இளங்கோ. அந்தத் துறைக்கு அவர்கள் போகவில்லை. ஒதுக்குப்புறமாக ஒரு மரப்புணையில் ஏறித் தென்கரை சேர்கிறார்கள். வரப்போகும் துயரத்தை ஆறு முன்பே அறிந்து, தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொண்டது என்று பாடுகிற இடம் அதுதான். நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னமே கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறது ஆறு. விமானத்தில் வந்து தெற்கு வாயிலால் நுழைகிறவனுக்கு அந்த அறிவிப்புக் கிடையாது.

எனவே திட்டத்தின் முதல் வரியாக நான் எழுதியது இது: அறை வடகரையில். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கத்தில் எங்கேயாவது எடுத்தால், கோயிலுக்குப் போக ஒருதரம், திரும்ப ஒருதரம் என்று ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடந்தே ஆகவேண்டும். 1889 இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் இரண்டு கரையையும் இணைக்கிறது. ஓட்டோவில் கடந்தால் ஒரு நிமிஷம். நான் நடந்து கடப்பதாக இருக்கிறேன். முழங்கால் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எப்போது போவது? இங்கேதான் வீட்டில் விவாதம். "தண்ணியில்லாத ஆத்தைப் பாக்கிறதுக்கோ இவ்வளவு காசும் செலவழிச்சுப் போறியள்?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. வருடத்தில் பல மாதம் மதுரைக்குள் வையை மணலும் புதரும் இடையிலே கொஞ்சம் கழிவு நீருமாகவே கிடக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வழுக்கையாற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டா என்று நானும் கேட்டேன். மாரியில் மட்டும் ஓடுகிற ஆற்றை ஆறு என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.

வருசநாட்டு மலைகளில் பிறந்து 258 கிலோ மீற்றர் ஓடும் வையை, வழக்கமாகக் கடலைச் சேர்வதில்லை. வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்த கடலிடம் போவதில்லை என்று வையை விரதம் பூண்டதாகத் தனிப்பாடல் ஒன்று காரணம் கற்பிக்கும். குளம் வெட்டி விவசாயம் செய்தவர்களின் கெட்டித்தனத்தைப் புலவர் ஆற்றின் ரோசமாக மாற்றிவிட்டார். 1895 இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து மேற்கே போன நீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1959 இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை வந்தது. அதன்பின் மதுரைக்குள் எப்போது தண்ணீர் வருவது என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை.

சித்திரைப் பௌர்ணமிக்குப் போகலாம். அன்றைக்குக் கள்ளழகர் வையையில் இறங்குகிறார். அதற்கென்றே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். இலட்சக் கணக்கில் சனம். புதுப்புனல் வந்ததென்று கேட்டு, யானையிலும் குதிரையிலும் வண்டியிலும் காலிலுமாக ஊரே கரைக்கு ஓடுவதைப் பாடுகிறதே பரிபாடல், அதன் வழித்தோன்றல் இன்று எங்கேனும் உயிரோடிருக்கிறது என்றால் அது இந்தத் திருவிழாதான் என்பது என் எண்ணம். ஆனால் அந்த நாளில் வடகரையில் அறை எடுப்பதற்கு மனைவியின் காப்பை விற்க வேண்டியிருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. கூடலூர் மலைமேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டம் வருடத்தில் திறக்கப்படுவதும் அதே சித்திரைப் பௌர்ணமியில்தான். கண்ணகியையும் அழகரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. ஆவணி மூலத்தில் போனால் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா. வையை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு இவ்வளவு என்று அரசன் கரையைப் பங்கிட்டுக் கொடுத்தான் என்ற கதைதான் அதன் உயிர். ஆள் இல்லாத வந்திக்கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்ததால்தான் இறைவனே கூலியாளாக வந்தான். ஆனால் கரை உடைக்கிற வெள்ளம் ஆவணியில் இப்போது வருவது அருமை.

ஆகவே தீபாவளி கழிந்த வாரம் என்று குறித்திருக்கிறேன். வடகீழ்ப் பருவமழைக் காலம். நனைவோம், பரவாயில்லை. அந்நாட்களில் தமிழகப் பத்திரிகைகள் வைகை அணையின் நீர்மட்டத்தைத் தினமும் போடும். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடிக்கு ஏறினால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை; 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை, உபரி நீர் திறப்பு. பரிபாடல் காலத்தில் வெள்ளம் வந்த செய்தி கரையிலிருந்து ஊருக்குள் ஆரவாரமாகப் பரவியது. எனக்கு அது பத்திரிகை மூலையில் ஓர் எண்ணாக வரப்போகிறது.

ஓய்வுபெற்ற அதிபரான நண்பர் ஒருவர் என்னைத் தடுத்தார். "போகாதையும். நாற்பது வருஷமாய் மனசுக்குள்ளை ஓடுற ஆறு அங்கை போனால் வத்திப்போம்" என்றார். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு இரவு யோசித்தேன். நம்மவரிற் பலர் சங்க இலக்கியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதற்கு இதே பயந்தான் காரணம்.

பிறகு பரிபாடலை எடுத்தேன். எழுபது பாட்டில் இருபத்தாறு வையைக்கு உரியவை என்று பழைய வெண்பா கணக்குச் சொல்லும். நமக்கு முழுதாகக் கிடைத்தவை எட்டு. 1918 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்திராவிட்டால் அவையும் இல்லை. அந்தப் பாட்டுகளில் ஓடுகிற ஆறு பளிங்குபோல் தெளிந்த ஆறு என்றுதான் நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. உண்மையில் அது சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் மலரும் கலந்து நிறம் மாறி ஓடுகிற கலங்கல் வெள்ளம். பரிபாடல் திரட்டில் ஒரு பகுதியைப் பாருங்கள்: ஆடவரும் பெண்டிரும் பூசிய வாசனைகளும் கள்ளும் கலந்துவிட்டன என்பதற்காக, அந்தணர் அந்த நீரில் குளிக்காமல் விட்டுவிட்டார்களாம். ஊர்ச் சனம் முழுவதும் இறங்கிய ஆறு என்றால் அப்படித்தான் இருக்கும். இன்றைய சாக்கடையை அந்தச் சந்தனத்தோடு ஒப்பிட்டு நியாயப்படுத்த நான் வரவில்லை. அது வேறு, இது நம் காலத்துக் குற்றம். ஆனால் புலவர்கள் தாம் கண்ட ஆற்றை அழுக்கோடு சேர்த்துத்தான் பாடினார்கள். அழுக்கைக் கழித்துவிட்டு மனசுக்குள் ஓடவிட்டவர்கள் நாங்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். "நீர் எப்பவும் இப்பிடித்தான்" என்றார். போகவேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

சனிக்கிழமை பகல் கோயிலுக்குப் போவதில் பயனில்லை; நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். கைத்தொலைபேசியும் உள்ளே கொண்டுபோக முடியாது. மாலை போய், இரவு சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும்வரை இருப்பது. அதன்பின் மாசி வீதிகளில் ஒரு நடை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடியில் பகற்கடையும் அல்லங்காடியும் யாமம் யாமமாக இரவும் கடந்து விடியற்காலைக்கு வருகிறது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய மதுரை நிகழ்ச்சி நிரல் அதுவே. அகன்ற தெருக்களை அவர் ஆற்றுக்கு ஒப்பிடுவதை மாணவர்களுக்கு உவமை என்று படிப்பித்தேன். இரவுச் சனத்துக்குள் நிற்கும்போது அது என்னவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலைதான் எனக்கு முக்கியம். மட்டக்களப்பில் படிப்பித்த நாட்களில், உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், கண்ணகை அம்மன் நடந்து போன கரை இப்பவும் இரிக்கா?" வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு, குளிர்த்தி பார்த்து வளர்ந்த பிள்ளை. பண்டிதர் வீ. சீ. கந்தையா பதிப்பித்த அந்த நூலை ஏட்டில் படிக்கும் நமக்கு அது இலக்கியம். அவளுக்கு, ஒவ்வொரு வருடமும் மதுரை எரிந்து, ஒவ்வொரு வருடமும் அம்மனைக் குளிரப்பண்ண வேண்டிய வீட்டுக் காரியம். மேற்கு வாயிலால் தனியே வெளியேறி வையையின் ஒரு கரையைப் பிடித்து, இரவு பகல் பாராமல் மேற்கு நோக்கிப் போனாள் என்று காப்பியம் சொல்வதை அன்று வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை கேட்டது அதையல்ல. விடியற்காலையில் பாலத்தடியிலிருந்து ஆரப்பாளையப் பக்கமாக, நீரோட்டத்துக்கு எதிரே, ஒரு மைல் நடந்து பார்க்கப் போகிறேன். கரையோரமாக இப்போது தார்ச்சாலை போட்டிருக்கிறார்களாம்.

பிறகு கீழடி. நகருக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோ மீற்றர் அளவில், வையைப் படுகையில் உள்ள தென்னந்தோப்பு ஒன்றில் 2015 இல் தொடங்கிய அகழாய்வு. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள், செங்கற் கட்டடம், உறைகிணறு. ஒரு கரித்துண்டின் காலம் கிறிஸ்துவுக்கு முன் 580 என்று 2019 இல் வெளியான அறிக்கை சொன்னது. 2023 இல் அங்கே நூதனசாலை திறந்திருக்கிறார்கள். இதுதான் பழைய மதுரை என்று சத்தியம் செய்வோர் உளர். அல்ல என்போரும் உளர். இரண்டு கட்சியோடும் நான் சண்டைக்குப் போகவில்லை. தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த ஒருவனுடைய கையெழுத்தைப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதாது. எனவே நாயக்கர் மகாலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன். அது தூண்களால் ஆன நல்ல கட்டடம். இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். யானைமலையும் சமணர் மலையும் அப்படியே. மனைவி சேர்த்தது ஒன்றே ஒன்று: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை. வையையின் பூவாடை இப்போது அங்கேதான் நிறுவைக்கு விற்கப்படுகிறது என்று சொல்லி உடன்பட்டேன்.

கைப்பையில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம். புகார்க் காண்டமும் வஞ்சிக் காண்டமும் வீட்டில் நிற்க, மதுரைக் காண்டம் மட்டும் தனியாகக் கட்டிய பழைய பாடப்பிரதி ஒன்று வருகிறது. அதன் ஓரங்களில் மூன்று தலைமுறை மாணவரின் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன.

வடகரை அறைக்கு முற்பணம் கட்டியாயிற்று. சன்னல் ஆற்றுப் பக்கமா, றோட்டுப் பக்கமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஐப்பசி பிறந்ததும் காலையில் பத்திரிகையில் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டமாகத்தான் இருக்கும்.