எலும்பைத் தொட்ட நோயும் எஞ்சி நிற்கும் வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று செயற்குழு நண்பர் ஒருவர் தயங்கினார். அவர் தயக்கம் நியாயமானதே. ஆயினும் இப்பேச்சை வேண்டியவர் என் தமக்கையார். "தம்பி, என் பெயரைச் சொல்ல வேண்டாம், என் முதுகுவலியைச் சொல்" என்பது அவர் இட்ட கட்டளை. அவரும் இவ்வவையில்தான் இருக்கிறார். திரும்பிப் பார்த்துத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2007-ஆம் ஆண்டில் அவர் மார்பகத்தில் ஒரு கட்டி தோன்றியது. அதில் வலி இல்லை. வலி இல்லாத காரணத்தாலேயே எட்டு மாதம் எவரிடமும் வாய் திறக்கவில்லை. மகளின் திருமணம் முடியட்டும் என்பது இன்னொரு காரணம். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, அதன்பின் ஐந்தாண்டுகள் தமாக்சிபென் மாத்திரை என யாவும் முறையாக நடந்தன. தொல்லை தீர்ந்தது என்று குடும்பத்தோடு பழனிக்குச் சென்று வந்தோம்.

2013-இல் முதுகில் வலி தொடங்கிற்று. தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்தது என்றார் என் அத்தான். எலும்புத் தேய்மானம் என்று ஒரு மருத்துவர் நான்கு மாதம் தைலமும் மாத்திரையும் தந்தார். பழைய நோயைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. உழைக்கும்போது வலித்து, ஓய்ந்தால் தணிவது சாதாரண முதுகுவலி. இதுவோ இரவில் படுத்தபின் மிகுந்தது. கடைசியில் எலும்பு ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் இரண்டிடம், இடுப்பெலும்பில் ஓரிடம் என மூன்று கரும்புள்ளிகள் தெரிந்தன.

அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல இன்றும் நாணுகிறேன். அவரிடம் மறைத்துவிடுவது என்று ஆண்கள் கூடித் தீர்மானித்தோம். அவரோ மறுமுறை மருத்துவரைக் கண்டபோது எங்களை முந்திக்கொண்டு, கன்னடத்திலேயே, "எஷ்டு தின, டாக்டரே?" என்று கேட்டுவிட்டார். இன்னும் எத்தனை நாள் என்பது அக்கேள்வி. மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, "நாள் எண்ணிச் சொல்ல என்னால் இயலாது, அம்மா. வேரோடு போகாது, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் வகை இது" என்றார். அது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

மார்பகத்தில் பிறந்த நோய் எலும்பை ஏன் நாடுகிறது? 1889-ஆம் ஆண்டிலேயே ஸ்டீபன் பேஜட் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர் இதனை வினவினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். விதை எத்திசையில் விழுந்தாலும் தனக்கு ஏற்ற நிலத்திலேயே முளைக்கும். அதுபோலவே நோயும் தனக்கேற்ற உறுப்பில் ஊன்றுகிறது என்பது அவர் முடிவு. உழவர் குடியில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் கட்டப்படும் பொருள். அங்கே குடியேறிய புற்றணுக்கள், கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையக் கரைய அதனுள் அடங்கியிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டு, நோய்க்கே உரமாகின்றன. மார்பகப் புற்றுநோய் உடலில் பரவியோருள் ஏறத்தாழப் பத்தில் எழுவருக்கு அது எலும்பையும் தொடுகிறது.

நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றை விடுத்து எலும்பில் மட்டும் நோய் தங்கியிருப்போர் பொதுவாக நெடுநாள் வாழ்கின்றனர். அந்நோய் பெண்மைச் சுரப்பு நீரைப் பற்றி வளரும் வகையாயின் நம்பிக்கை இன்னும் மிகுதி. சுரப்பைத் தடுத்தால் நோய் வாடும் என்பதை ஜார்ஜ் பீட்சன் என்னும் கிளாஸ்கோ மருத்துவர் கருவகங்களை அகற்றிக் கண்டு, 1896-இல் எழுதினார். இன்று கத்தி ஆற்றிய அப்பணியை மாத்திரை ஆற்றுகிறது. என் தமக்கையார் லெட்ரோசோல் மாத்திரை உண்டார். இடுப்பு வலிக்குக் கதிர்வீச்சுப் பெற்றார். எலும்பு கரைவதைத் தடுக்கச் சோலிட்ரோனிக் அமிலம் என்னும் மருந்தை நரம்பில் ஏற்றினர். அம்மருந்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிவந்த வழக்கம் மாறி, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்பது 2017-இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. செலவும் அலைச்சலும் குறைந்தன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அம்மருந்தைத் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பற்களைச் சீர்செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் தாடை எலும்பு பழுதுபடக்கூடும்.

2019-இல் நோய் மீண்டும் தலைதூக்கியது. பால்போசிக்ளிப் என்னும் மாத்திரையும், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் சேர்ந்தன. அம்மாத்திரையின் விலைச்சீட்டைக் கண்டு அத்தான் பேசாமல் வங்கிக்குச் சென்றார். அக்காவின் இரட்டைவடச் சங்கிலி அங்கே போயிற்று. 2023-இல் காப்புரிமை முடிந்து, நம் நாட்டு நிறுவனங்கள் அதனைச் செய்யத் தொடங்கியபின் விலை பெரிதும் இறங்கிற்று. ஹெர்-2 என்னும் மற்றொரு வகை நோய்க்கு டிராஸ்டுசுமாப் மருந்தின் ஒப்பு வடிவத்தை நம் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததையும் இங்கே சொல்லலாம்.

எண்களைக் கேட்பீர்கள். எலும்போடு பிற உறுப்புகளிலும் நோய் பரவியவர்களையும் உள்ளடக்கி, 2022-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு இது: லெட்ரோசோலோடு ரிபோசிக்ளிப் சேர்த்து உண்ட பெண்களுள் பாதிப்பேர் 63.9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். லெட்ரோசோல் மட்டும் உண்டோருள் அது 51.4 மாதம். ஹெர்-2 வகை நோய்க்கு இரு எதிர்ப்பு மருந்துகளை வேதிமருந்தோடு பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் எட்டாண்டு கடந்தும் இருந்தனர். மறு பாதியும், எஞ்சிய 63 பேரும் இவ்வெண்களில்தான் இருக்கின்றனர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 1992-இல் நோய் கண்டது. கீழ் முதுகெலும்புவரை பரவியதை அவர் 2017-இல் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் மறைந்தார். அவருக்குக் கிட்டிய வசதிகள் நம்மில் எவருக்கும் இல்லை.

நமக்குக் கிட்டுவன வேறு சில உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் நிறுவிய நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். பெங்களூரில் 1973 முதல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் 2018 முதல் உள்ளது. ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது, முகவரி இங்கே இருக்கிறது என்று தவிப்போர் நம் குடியிருப்பில் பலர். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதைவிட இன்றே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது அக்காவின் முதுகுவலிக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு எப்போதேனும் சிகிச்சை பெற்றவர், பத்தாண்டு கடந்திருப்பினும், புதிதாக வந்த எலும்பு வலி சில வாரங்களில் தீராவிடில், பழைய நோயை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். கால்கள் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீரை அடக்க இயலாமற் போனாலோ தண்டுவடம் நெரிபடுகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மறுநாள் நல்ல நாளா என்று பார்த்திருந்தால் நடை திரும்பாமற் போகலாம்.

சென்ற மாதம் ஊசிக்காக அக்காவுடன் சென்றேன். விடியற்காலை ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த ஒரு தாய், கையில் ஸ்கேன் உறையோடு அழுதுகொண்டிருந்தார். அக்கா அவரருகே போய் அமர்ந்து, "எனக்கும் இதேதான், பன்னிரண்டு வருஷம்" என்றார். அந்த அம்மாள் நம்பவில்லை. அக்கா பையைத் திறந்து 2013-ஆம் ஆண்டின் பழைய படத்தை எடுத்துக் காட்டினார். அதை அவர் ஏன் எப்போதும் பையில் வைத்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.