நாய் வளர்ப்போர் கடமை



நன்றிக்கு நாயை உவமை கூறுவது நம் வழக்கம். அந்தப் பிராணிக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை ஒன்றைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

நான் ஒரு கால்நடை மருத்துவன். நாயுடன் வருவோரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?" விடைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். "வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு ஊசி எதற்கு?" என்பார் ஒருவர். "குட்டியாக இருந்தபோதே போட்டாயிற்று" என்பார் மற்றொருவர். "பரம சாது, யாரையும் கடித்ததில்லை" என்பார் மூன்றாமவர். மூவரும் தம் நாயிடம் உயிரையே வைத்திருப்பவர்கள்தாம். எனினும் அவர்கள் கூறும் சமாதானம் எதுவும் நாயைக் காக்காது.

ரேபிஸ் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் வெறிநோய், வைரஸ் கிருமியால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் தங்கும் அக்கிருமி, கடிவாய் வழியே நுழைந்து, நரம்பைப் பற்றி மூளையை அடைகிறது. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால், மனிதனாயினும் நாயாயினும் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதர்க்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 வரை நாய்களாலேயே பரவுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி அம்மூன்று விடைகளையும் ஆராய்வோம். வாயிற்கதவு ஒரு கணம் திறந்திருந்தால் நாய் வெளியே ஓடக்கூடும். நோயுற்ற பூனையோ கீரியோ சுவரேறி உள்ளே வரவும் கூடும். குட்டிப் பருவத்தில் போட்ட ஊசியின் வலிமை நாளடைவில் குறைந்துவிடும். சாது குணமோ நோய்க்கு அரணாகாது. வெறிநோய் கண்ட நாய்கள் எல்லாம் சீறிப் பாய்வதில்லை. சில நாய்கள் தாடை தொங்கி, விழுங்க இயலாமல், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று இரக்கத்தோடு வாய்க்குள் கையை விடும் எசமானரே பேராபத்துக்கு உள்ளாகிறார்.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தாம் கண்ட மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான். நம் நீலகிரியிலே, குன்னூரில், 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த மருந்தை நாள்தோறும் வயிற்றில் குத்திக்கொண்ட காலத்தை உங்கள் பாட்டனார் நினைவுகூர்வார். இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் இவையெல்லாம் கடிபட்ட பின் செய்வன. நோயை அதன் ஊற்றிலேயே அடைப்பது நாய்க்குப் போடும் ஊசி. ஓர் ஊரில் 100 நாய்களில் 70 நாய்களுக்கேனும் தடுப்பூசி இருந்தால், நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர் துணிபு. ஆகவே நீங்கள் உங்கள் நாய்க்குப் போடும் ஊசி, உங்கள் தெருவுக்கும் காவலாகிறது.

குட்டிக்குப் பொதுவாக 3 மாத வயதில் முதல் ஊசி. மருத்துவர் குறிக்கும் நாளில் அடுத்தது. பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. இதில் கடினம் ஊசியன்று. நாளை நினைவில் வைப்பதே.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள். மந்திரிப்பதில் நேரத்தைக் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பது பெருந்தீங்கு. பெற்றோரின் கோபம் ஒரு நாளில் தணியும், இந்நோய் தணியாது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாய் இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை இன்றே தேடி எடுங்கள். அடுத்த ஊசிக்குரிய நாளை நாட்காட்டியில் உங்கள் கையாலேயே குறியுங்கள். அட்டை அகப்படவில்லையா? நாளைக் காலையிலேயே நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு தந்தையாரிடம் சொல்லுங்கள். வாயில்லாப் பிராணி தன் ஊசிக்கு நாள் வந்ததென்று கூறாது. அதன் சார்பில் கூறவேண்டியவர்கள் நீங்களே.