பிளவுக்கு அப்பாலுள்ள எண்ணெய்

நிலத்தடியில் எண்ணெய் ஏரி போல் தேங்கி நிற்கிறது என்பது பலரது எண்ணம். உண்மையில் அது மணற்பாறையின் நுண்துளைகளில் அடங்கியுள்ளது. அப்பாறை முறிந்து ஒரு பக்கம் கீழிறங்கினால் அதனைப் பிளவு என்பர்.

இராஜஸ்தானத்துப் பார்மேர் மாவட்டத்தின் மங்களா வயல் 2004-இல் கண்டறியப்பட்டது. 2009-இல் உற்பத்தி தொடங்கியது. பிளவுகளால் சாய்வுற்ற பாறைத் தொகுதியே இவ்வயல். இங்குள்ள எண்ணெய் மெழுகு மிகுந்தது; சற்றே குளிர்ந்தாலும் உறைய முற்படும். ஆகவே வெந்நீரை உட்செலுத்தி அதனைத் தள்ள வேண்டியதாயிற்று. இத்தகைய வயலில், நீர் செலுத்தும் கிணற்றுக்கும் எண்ணெய் எடுக்கும் கிணற்றுக்கும் இடையே பிளவொன்று குறுக்கிட்டால் என்னாகும்?

மணற்பாறைக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றால் பாய்வு தடைப்படும். மணற்பாறையே எதிர்ப்பட்டாலும் வழி உண்டென்று கொள்வதற்கில்லை. பாறை நழுவுகையில் களி அரைபட்டுப் பிளவின் முகத்தில் பூச்சுப் போல் படிந்துவிடுகிறது. நழுவிச் சென்ற பாறையில் களியின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை நெருங்கும்போது அடைப்பு ஏற்படத் தொடங்கலாம் என்பது துறையினர் கண்ட அனுபவம்.

கணினி மாதிரியில் வயலைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பிரித்து, பிளவின் இருமருங்கிலுமுள்ள கட்டங்களுக்கிடையேயான பாய்வை ஒரு பெருக்கெண்ணால் திருத்துகின்றனர். 0 எனில் சுவர். 1 எனில் தடையில்லை. கடந்த கால உற்பத்தியோடு பொருந்துமாறு இவ்வெண்ணை மாற்றியமைப்பது வழக்கம். ஆனால் வெவ்வேறு எண்கள் ஒரே பழங்கணக்குடன் பொருந்தக்கூடும். அவை காட்டும் எதிர்காலமோ வேறுவேறு. பழைய கணக்கு நேரானதால் முன்கணிப்பும் நேரானதே எனக் கோப்பில் குறித்துவிடுவது எளிது!

மற்றொரு மயக்கமும் உண்டு. உற்பத்திக்கு முன் பிளவின் இருபுறமும் அழுத்தம் சமமாயிருப்பதைக் கண்டு, பிளவு திறந்திருக்கிறது என்று முடிவு செய்கின்றனர். பல இலட்சம் ஆண்டுகளில் மிக நுண்ணிய கசிவே அழுத்தத்தைச் சமன்செய்யப் போதுமானது. வயலின் ஆயுளோ சில பத்தாண்டுகள். அதற்குள் அக்கசிவால் பயனில்லை. பிளவைச் சுவரென்று தவறாகக் கொண்டால் வேண்டாத கிணறு தோண்டப்படும்; வழியென்று தவறாகக் கொண்டால் எண்ணெய் அப்பாலேயே தங்கிவிடும். தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இரண்டும் இழப்பே.

ஒரு கிணற்றில் எண்ணெய் எடுத்து, பிளவுக்கு அப்பாலுள்ள கிணற்றை மூடிவைத்து அழுத்தத்தைக் கவனிப்பதே தக்க சோதனை. மூடிய நாட்களில் உற்பத்தி குறையும். மாத அறிக்கையில் அது உடனே தெரியும். தவறான இடத்தில் தோண்டிய கிணற்றின் செலவு அவ்வாறு தெரிவதில்லை.