பட்டப் படிப்பும் குடும்பக் கணக்கும்

(கம்மாபுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதை, உரம், பயிர்க்கடன் ஆகியவற்றைக் குறித்துப் பேசுவது இச்சபையின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு விஷயம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளிவந்த மறுதினமே நம் வீட்டுத் திண்ணைகளில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா? அனுப்பினால் எந்தக் கல்லூரிக்கு? பணத்திற்கு வழி யாது? இக்கேள்விக்கு நம்மில் பலர் அண்டை வீட்டைப் பார்த்து விடை சொல்லுகிறோம். கணக்குப் பார்த்து விடை சொல்லுவோர் சிலரே.

நம் நாட்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் ஏற்பட்டது 1904-ஆம் ஆண்டில். அன்று முதல் இச்சங்கங்களுக்கு ஆதாரமாயிருந்து வரும் கொள்கை ஒன்று உண்டு. கடன் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பணம் எதற்கு? அதைத் திருப்புவது எதிலிருந்து? உழவு மாட்டிற்கும் விதைக்கும் நாம் ஒப்புக்கொண்ட இந்தச் சோதனையை, அவற்றினும் பன்மடங்கு பெரிய செலவாகிய படிப்பிற்கு மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

செலவின் மூன்று பகுதிகள்

கல்லூரிச் செலவு என்றவுடன் கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். அது முதற்பகுதியே. விடுதி, சாப்பாடு, பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் ஆகியவை இரண்டாம் பகுதி. மூன்றாம் பகுதியை எவரும் எழுதி வைப்பதில்லை. அது, படிக்கும் காலத்தில் பிள்ளை சம்பாதிக்காமலிருப்பதால் உண்டாகும் இழப்பு. மாதம் 12,000 ரூபாய் ஊதியம் கிடைக்கக்கூடிய பிள்ளை நான்கு வருஷம் படித்தால், விடப்பட்ட வரும்படி 5,76,000 ரூபாய். இதையும் சேர்த்தே அக்கல்வியின் விலையைச் சொல்ல வேண்டும்.

என் குடும்பத்தில் நடந்ததை ஒளிக்காமல் கூறுகிறேன். என் தமையனாரின் மகனை வேறொரு ஜில்லாவிலுள்ள தனியார் பொறியியற் கல்லூரியில் சேர்த்தோம். ஒரு தரகர் வீடு தேடி வந்தார். வர்ணப் படங்களைக் காட்டினார். அன்றே முன்பணமும் பெற்றுச் சென்றார். எங்களில் ஒருவரும் அக்கல்லூரியை நேரில் சென்று பார்க்கவில்லை. ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பை அடமானம் வைத்து, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கினோம். லட்சத்திற்கு வருஷம் 36,000 ரூபாய் வட்டி மட்டும். நான்காம் வருஷ முடிவில் பையனுக்குப் பதினொரு பாடங்கள் பாக்கி நின்றன. அவன் சோம்பேறியல்லன். அங்கே ஆசிரியர்கள் நிலைத்திருப்பதில்லை என்று முதல் வருஷமே எங்களிடம் சொன்னவன் அவனே, கேளாதவர்கள் நாங்கள். தோப்பு கைமாறிவிட்டது. அவன் இன்று சென்னையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். அந்த அடமானப் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் இட்டவன் நானே. ஆகையால்தான் இவ்விஷயத்தைப் பேச எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

வரவைப் பற்றி

இதைக் கேட்டுப் பட்டமே வேண்டாமென்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. 2022-23-ஆம் ஆண்டின் தொழிலாளர் நிலைக் கணக்கெடுப்பின்படி, தேசத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலையின்மை நூற்றுக்குச் சுமார் 3.2; பட்டதாரிகளுள் அது 13.4. படித்தவனுக்கே வேலையில்லை என்று இதைக்கொண்டு சொல்லுவது பாதி உண்மை. கூலிக்குப் போகிறவன் ஒரு நாளும் சும்மா இருக்க இயலாது. பட்டதாரியோ தகுந்த வேலைக்காகக் காத்திருக்கிறான். வேலை கிட்டியபின் பட்டதாரியின் வரும்படி பொதுவாக உயர்வானதே. ஆனால் காத்திருக்கும் வருஷங்களுக்குச் சோறு போடுவது யார், கடனுக்கு வட்டி கட்டுவது யார் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

2021-22-இல் தமிழ்நாட்டில் கல்லூரிப் பருவத்தினரில் நூற்றுக்கு 47 என்ற விகிதத்தில் உயர் கல்வியில் சேர்ந்திருந்தனர். தேச முழுமைக்கும் அவ்விகிதம் 28.4. இது நமக்குப் பெருமையே. எனினும், பலரிடமும் பட்டம் இருக்கும்போது, எந்தப் பட்டம், எங்கே பெற்றது, கையில் என்ன வேலை தெரியும் என்பவையே மதிப்பைத் தீர்மானிக்கின்றன. குரூப் 4 பரீட்சைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. அதற்கும் பட்டதாரிகள் திரளாக விண்ணப்பிப்பதை நாம் கண்ணால் காண்கிறோம்.

அருகிலுள்ள வாசல்கள்

விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவில்லை. அதே ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்திற்கெனவே அரசாங்க நிலையமொன்று உள்ளது. மண்ணைச் சலித்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, பொம்மையும் மின்காப்புப் பீங்கானும் செய்யும் தொழில் நம் பக்கத்துச் சொத்து. அந்நிலையத்தின் பெயரைக்கூட அறியாத பெற்றோர் நம்மிடையே இருக்கின்றனர்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி அங்கே ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் ஆகிய மூன்று தரத்தாரையும் பழகுநராக எடுக்கின்றனர். பழகுநர் இடம் நிரந்தர உத்தியோகமன்று. ஆயினும் உதவித்தொகையோடு வேலை கற்பது சிறு லாபமா?

இங்கே முக்கியமானதொன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியற் பட்டத்தின் இரண்டாம் ஆண்டிலும் நேரே சேரலாம். ஆகவே சிறு படிப்பில் தொடங்குவதால் பெரிய படிப்பின் கதவு அடைபடுவதில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, சம்பாதித்து, மேலே ஏறலாம்.

கடன் வாங்கத்தான் வேண்டுமெனில்

வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையுள்ள கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேளார்கள். ஆனால் வட்டி உறங்குவதில்லை. கணக்கிற்காக நூற்றுக்கு வருஷம் 10 வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருஷம் ஒரு லட்சமாக நான்கு லட்சம் வாங்கினால், தவணை தொடங்கும்போது சாதாரண வட்டி 1,40,000 சேர்ந்து கடன் 5,40,000 ஆகிறது. பத்து வருஷத்தில் தீர்க்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் எட்டரை லட்சம். படித்தபின் கிடைக்கக்கூடிய சம்பளம் இதைத் தாங்குமா என்பதை இன்றே எழுதிப் பாருங்கள். படிக்கும்போதே வட்டியை மாதந்தோறும் செலுத்தி வந்தால் சுமை குறையும்.

ஒருபோதும் செய்யத்தகாதது ஒன்று. பயிர்க்கடனை வாங்கிக் கல்லூரியில் கட்டலாகாது. பயிருக்கு உரம் இல்லை, சங்கத்திற்குத் தவணை இல்லை, அடுத்த பருவத்திற்குக் கடனும் இல்லை என்ற நிலை அதனால் உண்டாகும்.

உதவிகளையும் கேட்டுப் பெறுங்கள். குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குத் தொழிற் படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் மற்றத் தொழிற் படிப்புகளிலும் ஏற்பட்டது. தரகர் மூலம் சேர்ந்தால் இவற்றுட் பல கைநழுவிப் போகும்.

சேரும் முன்னே

கல்லூரியை நேரில் சென்று பாருங்கள். அங்கே மூன்றாம் வருஷம் படிக்கும் மாணவனிடம் தனியே விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். ரசீதில்லாமல் பணம் கொடாதீர். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கலாகாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைக்கு எதில் மனம் என்று கேளுங்கள். விருப்பமில்லாத படிப்பு களர் நிலத்தில் இட்ட விதை.

பெண் மக்களைக் குறித்து ஒரு வார்த்தை. மகளின் படிப்பு என்றால் பைசாவிற்குப் பைசா கணக்குப் பார்க்கும் நாம், அவள் கலியாணத்திற்குக் கணக்கே பாராமல் கடன்படுகிறோம். ஒரு நாள் பந்தலுக்குப் போகும் பணம் மூன்று வருஷப் படிப்பிற்குப் போதுமே! அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. தன் காலில் நிற்கும் மகளுக்குப் படிப்பைவிடச் சிறந்த சீர் வேறில்லை.

அன்பர்களே, பட்டம் பயனுள்ளதா என்று பொதுவில் கேட்டால் விடை கிடையாது. இந்தப் பிள்ளைக்கு, இந்தப் படிப்பு, இந்தக் கல்லூரியில், இந்த விலைக்கு ஏற்றதா என்று கேட்டால் விடை கிடைக்கும். கணக்கிட அறியாத பெற்றோருக்குச் சங்கத்துப் படித்த இளைஞர் இருவர், பரீட்சை முடிவு வரும் காலத்தில் மாலை வேளைகளில் இங்கே உட்கார்ந்து உதவ வேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். அன்று எங்கள் வீட்டில் ஒருவர் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருந்தால் அந்தத் தோப்பு இன்றும் எங்களுடையதாயிருக்கும். பையனும் தனக்கேற்ற ஒரு படிப்பைப் படித்திருப்பான். உங்கள் வீட்டில் அத்தவறு நேராதிருக்கட்டும்.